பாம்புக்குப் பாய் விரித்த கதை

பெருமாள் பாம்பின் மேல் படுத்திருக்கிறார். சரி. பாம்பு எதன் மேல் படுத்திருக்கிறது?

ஐம்பத்தைந்து வயது வரை எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. யாராவது கேட்டிருந்தால் பாற்கடல் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். 2024 மார்ச்சில் ஒருநாள் ராத்திரி தென்காசிப் பக்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். ஒம் மருமவன் வீட்டுக்குள்ள பாம்பு வச்சிருக்கான்."

"அடிச்சுப் போட்டானா?"

"அடிக்கவா? அதுக்குப் படுக்கை சரியில்லைன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருக்கான்."

அக்காவுக்கு வீடு மேலகரத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிற ஊர். அத்தான் போய்ப் பல வருடமாகிறது. ஒரே பையன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருந்தவனை, ஆள் குறைப்பு என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"மூணு மாசத்துல எங்கிட்ட முப்பது வார்த்தை பேசியிருப்பானா? சோறு வச்சா திங்கான். இல்லைன்னா கேக்க மாட்டேங்கான். ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்க் கதவைத் தட்டிப் பாக்கேன் தம்பி" என்றாள். எதற்குத் தட்டிப் பார்க்கிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

மாடி அறையில் நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டான உடம்போடு ஒரு பாம்பு, தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டு கிடந்தது.

"பால் பைதான், மாமா."

"பாம்பு பால் குடிக்காதுன்னு சொல்லுவாங்களேடா?"

அவன் சிரித்தான். அக்கா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். மகன் சிரிப்பதைப் பார்த்து ஒரு அடி உள்ளே வந்தாள். பாம்பைப் பார்த்து இரண்டடி வெளியே போனாள்.

"அந்தப் பால் இல்லை மாமா. இங்கிலீஷ் பால். பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும்."

மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் இருக்கிற சின்ன மலைப்பாம்பு வகை அது. விஷம் கிடையாது. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஐந்து அடிக்குள்தான் இருக்கும். பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் அடைந்து கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வரும். கனடாவுக்குப் போன சிநேகிதன் ஒருவன் இதை இவனிடம் விட்டுப் போயிருக்கிறான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுத் தோட்டத்தில் திரியும் சாரைப் பாம்பையோ மண்ணுளிப் பாம்பையோ டப்பாவில் போட்டு வளர்க்கக் கிளம்பாதீர்கள். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் 2022இல் திருத்தம் வந்து, 2024 பிப்ரவரி கடைசியில் விதிகளும் வந்துவிட்டன. இந்தப் பைதான் மாதிரி சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிற உயிரை வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். மருமகன் காகிதங்களையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தான். தன்னுடைய வேலை சம்பந்தமான காகிதங்களை அப்படி வைத்திருக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

விஷயம் படுக்கையில்தான் சிக்கியிருந்தது.

முதலில் அவன் போட்டது மணல். வீடு கட்டி மிச்சமான ஆற்று மணல் கொல்லையில் குவிந்து கிடந்தது. பாம்பு என்றால் மணலில்தானே கிடக்கும் என்று நாம் எல்லோரும் நினைப்பதைத்தான் அவனும் நினைத்தான். பாலைவனத்துப் பாம்புக்கு அது சரி. இது வளையில் வாழ்கிற ஜாதி. மணல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. இரையோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துவிடும். வாயோரத்திலும் செதில் இடுக்கிலும் புகுந்து உறுத்தும்.

மணலை அள்ளிக் கொட்டிவிட்டு மரத்தூளுக்குப் போனான். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கிற மில்லுக்குப் பஞ்சமா? ஒரு மில்லில் ஒரு மூட்டை சும்மாவே கொடுத்தார்கள். பைன் மரத்தூள். அறை முழுக்கக் கமகமவென்று வாசனை. அக்காவே "நல்லாத்தான் இருக்கு" என்றாளாம். அந்த வாசனைதான் வினை. பைன், தேவதாரு மாதிரி மரங்களில் இருக்கிற எண்ணெய்ப்பசை ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் தங்கி, பாம்பின் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். தூள் வேறு நைசாக இருந்தால் நுரையீரலுக்குள் போகும். பாம்புக்கு நமக்கு இருப்பது போல உதரவிதானம் கிடையாது. நம்மைப் போல நன்றாக இருமித் துப்பிவிட முடியாது. வெளிநாடுகளில் ஆஸ்பென் என்ற மரத்தின் சீவலைப் போடுகிறார்களாம். அதில் இந்த எண்ணெய் வாடை இல்லை. ஆஸ்பென்னுக்கு மேலகரத்தில் எங்கே போக?

எனக்கு இதையெல்லாம் கேட்டபோது சின்ன வயது ஞாபகம் வந்தது. புது வீட்டுக்குப் போனால் நாம் பெயின்ட் வாசனையை ரசிப்போம். பாம்பு வாசனையை மூக்கால் மட்டும் பிடிப்பதில்லை. நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டு வாயின் மேலண்ணத்தில் இருக்கிற ஓர் உறுப்பில் வைத்து ஊரையே படித்துவிடும். அப்படிப்பட்ட ஜீவனைப் பைன் வாடைக்குள் போடுவது, ஒருவரை இருபத்துநாலு மணி நேரமும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கட்டிப்போடுவது மாதிரி.

நான் போன சமயத்தில் மூன்றாவது படுக்கை நடந்துகொண்டிருந்தது. செய்தித்தாள். போனில் கிடைத்த ஒரு கால்நடை டாக்டர், "இப்போதைக்குத் தாளை விரி" என்று சொல்லியிருக்கிறார். தாள் மோசமில்லை. புதிதாக வந்த பாம்புக்கும் சீக்குப் பாம்புக்கும் அதுதான் நல்லது. அழுக்கானால் தெரியும், உண்ணி இருந்தால் தெரியும், சுருட்டி எறிந்துவிட்டு வேறு விரிக்கலாம். எந்தக் கட்சிப் பத்திரிகையாக இருந்தாலும் பாம்பு ஆட்சேபிப்பதில்லை. ஆனால் தாளுக்கும் ஈரம் நிற்காது. உள்ளே முட்டிப் புகுந்து ஒளியவும் முடியாது.

அது தென்காசியின் காய்ந்த காலம். கோயில் கோபுர வாசலில் நின்றால் ஆளைத் தள்ளுகிற காற்று இருக்கிறதே, அது சாரல் காலத்தில்தான் சுகம். கோடையில் உதடு வெடிக்கும். நான் அங்கே இருந்தபோதே பாம்பின் கண் பால் வெளுத்தது. சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். நல்ல ஈரப்பதம் இருந்தால் மூக்கு நுனியில் ஆரம்பித்து வால் வரைக்கும் காலுறையைக் கழற்றுகிற மாதிரி ஒரே உருப்படியாக வந்துவிடும். இது துண்டு துண்டாக, வெயிலில் காய்ந்த பெயின்ட் போல உரிந்தது. இடது கண்ணின் மேல் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில். சட்டையோடு அதுவும் உரிந்து புதுசு வரவேண்டும். வராவிட்டால் பழைய கண்ணாடி மேல் புதுக் கண்ணாடி. நாளாக ஆகக் கண்ணுக்கே ஆபத்து.

"பிடுங்கிடலாமா?" என்றேன். "ஐயோ மாமா, கண்ணே போயிரும்" என்று கையைத் தட்டிவிட்டான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாம்பைக் கொஞ்ச நேரம் விட்டு, ஈரத் துணிக்குள் ஊர்ந்து போகவைத்தான். உடம்பில் இருந்த துண்டுகள் வந்தன. கண் வரவில்லை. அன்று ராத்திரி பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டான். தனக்குப் பாய்கூட விரித்துக்கொள்ளவில்லை.

அக்கா கீழே என்னிடம், "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படி உக்காரலை" என்றாள். கோபமா, சந்தோஷமா என்று குரலில் பிடிபடவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். மிச்சமெல்லாம் போனில்.

மே மாதம் அவன் தென்னை நார்த்தூளுக்கு மாறினான். கட்டியாக விற்பதை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்தால் பொலபொலவென்று மண் மாதிரி உப்பும். வாசனை இல்லை, தூசி இல்லை, ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூன்று அங்குலத்துக்குப் பரப்பினான். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறு பக்கம் 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துச் சுமாருக்கு. எல்லாவற்றுக்கும் மீட்டர் வைத்திருந்தான். பாம்பு நார்த்தூளுக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் படம் ஒன்றை எனக்கு அனுப்பினான். ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஜூனில் சாரல் கட்டியது.

குற்றாலத்துச் சாரலைப் பற்றி ஊரெல்லாம் பேசும். ஐந்தருவி, பழைய குற்றாலம், பிரானூர் பார்டர் புரோட்டா என்று வேன் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது இரண்டு நாள் சுகம். அங்கேயே குடியிருக்கிறவர்களுக்குத் துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது. அப்பளம் நமுக்கும். செருப்பில் பூஞ்சை பூக்கும். மார்ச்சில் ஈரமில்லாமல் தவித்த அதே பெட்டியில் மீட்டர் 90ஐத் தாண்டியது. நார்த்தூளில் வெள்ளையாகப் பூஞ்சை கிளம்பியது. ஒருநாள் பாம்பைத் தூக்கிப் பார்த்தால், வயிற்றுச் செதில்கள் சிவந்து இரண்டு மூன்று இடத்தில் கொப்புளம்.

இரண்டு நாள் அவன் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டான் என்று அக்கா சொன்னாள். "எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது எனக்கு"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னானாம். அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள்.

பிறகு என்ன செய்தாள் என்பதை அவளே சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

"மாடிக்குப் போனேன் தம்பி. கதவைத் திறலேன்னேன். திறந்தான். உள்ள போனேன். கை காலெல்லாம் நடுங்குது, ஆனா போயிட்டேன். என்னய்யா அதுக்குன்னேன். காய்ஞ்சாலும் ஆக மாட்டேங்கு, நனைஞ்சாலும் ஆக மாட்டேங்கும்மான்னான். விதைநெல்லுக்கு ஒரு பானை, தண்ணிக்கு ஒரு பானை. ரெண்டையும் ஒரே பானையிலயா எய்யா போடுவாங்க? அதுக்கு எது வேணுமோ அதுவே போய்ப் படுத்துக்கிடட்டும், ரெண்டையும் வையின்னேன்."

அவ்வளவுதான். நாலு மாதமாக மீட்டரும் கையுமாக அவன் தேடியது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பெட்டி முழுவதற்கும் ஒரே ஈரம் என்று ஒன்று வேண்டியதில்லை. காட்டில் எந்த வளையும் அப்படி இருப்பதில்லை. தரை காய்ந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஈரமான பொந்து. சட்டை உரிக்கிற சமயத்தில் பாம்பு தானே போய் அதற்குள் புகுந்துகொள்ளும்.

டாக்டரின் மருந்தும் வெறும் தாளுமாகக் கொஞ்ச நாள் போனது. கொப்புளம் ஆறியது. பிறகு அக்கா அடுக்களைப் பரணிலிருந்து ஒரு சின்ன மண்பானையை இறக்கினாள். வாயின் விளிம்பைக் கல்லில் உரசி மழுமழுவென்று ஆக்கினாள். அதைப் படுக்கப் போட்டு உள்ளே மட்டும் ஈர நார்த்தூள். வெளியே, பெட்டி முழுக்கக் காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு. கொல்லையில் கிடந்த மட்டையை அவன் வெட்டித் தர, இவள் வெந்நீரில் போட்டு எடுத்து, சாரலில் வெயில் இல்லாததால் இரும்புச் சட்டியில் ரவை மாதிரி வறுத்தே காயவைத்தாள். பூஞ்சையும் போச்சு, பூச்சியும் போச்சு.

பானையைப் பற்றிக் கேட்டதும் எனக்கு வடநெம்மேலி ஞாபகம் வந்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் ஆரம்பித்தது. பாம்புத் தோல் வியாபாரம் தடையானபோது பிழைப்புப் போன இருளர்களுக்கு ரோமுலஸ் விட்டேகர் முன்நின்று உருவாக்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் அனுமதியோடு பிடித்து வந்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. அங்கே பாம்புகள் இருப்பது எதில் தெரியுமா? அடியில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டிய மண்பானையில். இருட்டு, குளிர்ச்சி, மூச்சு விடுகிற சுவர். சில வார விருந்தாளிக்கு அது போதும். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய்ப் பர்மிய மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள்.

இதை போனில் மருமகனிடம் சொன்னேன். அவன் பதிலுக்கு எனக்கு ஒரு கதை சொன்னான்.

உலகத்துப் பாம்புகளிலேயே இலைகளைக் கூட்டிச் சேர்த்துக் கூடு கட்டுகிறது ராஜநாகம் ஒன்றுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம் என்று 2024இல்தான் பிரித்துப் பெயர் வைத்தார்கள். கை கிடையாது, கால் கிடையாது. தாய்ப் பாம்பு தன் உடம்பையே வளைத்துக் கயிறு மாதிரி போட்டு, காய்ந்த மூங்கில் இலையையும் சருகையும் இழுத்து இழுத்துக் குவிக்கும். நடுவில் இருபது முப்பது முட்டை. கோடையில் கட்டுகிற கூடு, பருவமழை கொட்டுகிற நாளிலும் உள்ளே நனையாது. மட்குகிற சருகு கொஞ்சம் சூடும் கொடுக்கும். தாய் மேலேயே காவல் கிடக்கும். குஞ்சு பொரிக்கப் போகிற சமயத்தில் எழுந்து போய்விடும், திரும்பி வராது.

"அம்மாகிட்ட சொன்னேன் மாமா, ராத்திரி சாப்பிடும்போது" என்றான்.

சாப்பிடும்போது என்றால் கீழே, அடுக்களையில். நான் அதைக் கேட்டுக்கொண்டேனே தவிர எதுவும் சொல்லவில்லை. "அக்கா என்ன சொன்னா?"

"கூடு கட்டினது சரி, அப்புறம் ஏன் போகணும், பிள்ளைங்க வரட்டும்னு இருந்தா என்னன்னு கேட்டாங்க. குட்டியைப் பசியில தின்னுறக் கூடாதேன்னு போகுதும்பாங்கன்னு சொன்னேன். அப்ப சரின்னுட்டாங்க."

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை அக்காவிடமிருந்து போன். ஐந்தரை மணிக்குப் போன் வந்தால் நெஞ்சு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

"தம்பி, முழுசா உரிச்சுட்டுடா! பானைக்குள்ள. ஒரே சட்டை. கண்ணு ரெண்டும் அதுல இருக்கு. அந்தப் பழைய கண்ணுந்தான். விளக்கு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்."

"நீயா பிடிச்சுப் பாத்தே?"

"சட்டையத்தாம்லே. அவன் இன்னும் பானைக்குள்ள கெடக்கான்."

மார்ச்சில் 'அது'வாக இருந்தது ஆகஸ்டில் 'அவன்' ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை.

இதை வைத்து, பாம்பு வளர்த்தால் மனக்கவலை தீரும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது இவனை அடையாளம் கண்டு வாலாட்டியதில்லை, ஆட்டவும் ஆட்டாது. அதற்கு வேண்டியதெல்லாம் சரியான தரை, சரியான சூடு, ஒளிந்துகொள்ள ஓர் இடம். நம்மிடம் பிரியம் எல்லாம் அது கேட்பதில்லை. கேட்காததாலேயே, அதற்கு எது நல்லது என்று ஒருவன் தினமும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. நமக்கு எது மெத்தென்று இருக்கிறதோ, எது மணக்கிறதோ, எது சும்மா கிடைக்கிறதோ அதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த உடம்பு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. அக்காவும் மகன் விஷயத்தில் அதைத்தான் செய்தாள் என்று தோன்றுகிறது. வெளியே வா, வேலை தேடு, நாலு பேரைப் பார் என்று மூன்று மாதம் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு அவன் இருந்த இடத்துக்கே போனாள்.

தீபாவளிக்குப் போயிருந்தேன். மருமகன் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலை பிடித்திருந்தான். சம்பளம் பழையதில் பாதி. ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனான். பத்து நிமிஷத்தில் அக்காவும், "பானையில ஈரம் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று பின்னாலேயே ஏறினாள். மேலே இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வந்த தம்பிக்குப் பாய் விரிக்க அவளுக்கு மறந்துவிட்டது. நானே எடுத்து விரித்துக்கொண்டேன்.